இரண்டாவது விதைக்கோட்டை

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். அதெல்லாம் எழுதியதாக வைத்துக்கொள். நேற்று உன் கடிதம் வந்தது. இந்த மதுரை ஆஸ்பத்திரி வார்டில் தபால் வந்தால் கதவோரம் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். உன் அய்யா பேரைக் கூப்பிட்டதும், மூன்று நாளாகத் தலையைத் தூக்காத மனிதர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய் வாங்கி வந்தது நான். பிரித்தது நான். படித்ததும் நான்தான். அவருக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியாததா. ஒன்றரைப் பக்கம் அவருக்கு. அய்யா சாப்பிடுறீங்களா, அய்யா தூக்கம் வருதா, அய்யா நீங்க சொன்ன மாதிரியே மேலச்செய்யக் குறுக்கும் நெடுக்குமா உழுது போட்டாச்சு, அய்யா கெழக்க மேகம் கட்டுது. வாய் வலிக்க வலிக்கப் படித்தேன். கடைசியில், தாளில் மிச்சமிருந்த இடத்தில், "ஆத்தாளையும் உடம்பப் பாத்துக்கச் சொல்லவும்" என்று ஒரு வரி. சொல்லவும் என்று அவருக்கு எழுதியிருக்கிறாய். அதை நான் படித்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. பக்கத்துக் கட்டிலில் பாம்பன்காரர் ஒருவர் காலில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார். மரைக்காயர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறோம். நான் படித்து முடித்ததும் உன் அய்யா அவரிடம் கடிதத்தை நீட்டி, "நீங்க ஒரு தடவ படிங்க பாய். இவ படிச்சா ரேஷன் கடையில பேரு வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அவரும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு, கடலைப் பார்த்துக் கூப்பிடுகிற குரலில் படித்தார். மேகம் கட்டுது என்ற இடத்தில் நிறுத்தி, "இன்ஷா அல்லா, பெஞ்சுரும்" என்றார். உன் அய்யாவுக்கு முகமெல்லாம் பல். நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவ எழுந்து போய்விட்டேன். உன்னிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது, எனக்குப் பொறாமைதான். வயிறு எரிகிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கிற புருஷனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாளே என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். இருபது வருஷத்துக்கும் மேலே படுகிறேன், படுத்துவிட்டார் என்பதற்காக நிறுத்த முடியவில்லை.

இப்போது அவர் தூங்குகிறார். மத்தியானம். வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். "இந்தத் தடவை ரெண்டு விதைக்கோட்டையையும் உடச்சு, மேலச்செய், கீழச்செய் ரெண்டுக்கும் ஒரேயடியாப் போட்டுரலாம்னு இருக்கேன்" என்று எழுதியிருக்கிறாய். போடாதே. ஒன்றை உடைத்துக் கீழச்செய்யில் விதை. இன்னொன்று, நான் விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட இடத்திலேயே தொங்கட்டும். கண்மாயில் தண்ணீர் நின்று, அந்தத் தண்ணீரை நீ கண்ணால் பார்த்த பிறகு அதன்மேல் கை வை. இதை நேற்று உன் அய்யாவிடம் சொன்னதற்கு, "எம் மகன் வெதைக்கணும்ங்குறான், நீ தொங்கட்டும்ங்குற. வானத்தப் பாத்தாக்கூட ஒனக்கு மேகம் தெரியாது புள்ள. மேகத்துக்கு நடுவுல கெடக்குற வெத்து எடந்தான் தெரியும்" என்றார். மரைக்காயர் சிரித்தார். எனக்கு அந்தக் கட்டுப்போட்ட காலிலேயே ஒன்று வைக்கலாம் போல வந்தது.

நான் பரமக்குடியில் பிறந்தவள். என் அப்பா வாத்தியார், நாங்கள் குடியிருந்தது நெசவுத் தெரு. காலையில் தறியில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் சாயங்காலம் இத்தனை முழம் என்று சொல்வார்கள், சொன்னபடி இருக்கும். நூலைப் பார்த்துவிட்டுத்தான் சேலைக்கு வாக்குக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவளை நயினார்கோவில் பக்கம் கொண்டுவந்து கட்டிக்கொடுத்தார்கள். வந்த முதல் ஆவணியில் உன் அய்யா காய்ந்த புழுதியில் நெல்லை அள்ளி வீசுவதைப் பார்த்தேன். பொட்டு ஈரம் இல்லை. வானம் வெளுத்துக் கிடக்கிறது. வீட்டில் சோற்றுக்கு இழுத்துக்கோ பறித்துக்கோ என்றிருக்கும்போது இந்த மனிதர் பாட்டுப் பாடிக்கொண்டு நெல்லை மண்ணுக்குக் கொடுக்கிறார். கேட்டால், "மழை வரும்போது வெத மண்ணுக்குள்ள தயாரா இருக்கணும் புள்ள. பெஞ்ச பெறகு வெதைக்கப் போனா இந்த ஊர் மழைக்குக் கதிரு வராது" என்றார். அவர் சொன்னது சரிதான், நம் சீமையில் அப்படித்தான் விதைக்க முடியும். ஆனால் முதல் தூறலில் முளைத்து, அப்புறம் மழை பொய்த்து, முளை கருகினால் என்ன செய்வது என்று கேட்டேன். "ஏன் கருகுது" என்றார். அவ்வளவுதான் பதில். அந்த வருஷத்திலிருந்துதான் அறுப்பு முடிந்ததும் நானே உட்கார்ந்து, வைக்கோல் பிரியைச் சுற்றிச் சுற்றி, உள்ளே விதைநெல்லை வைத்து, சாணி மெழுகி, ஒன்றுக்கு இரண்டாகக் கோட்டை கட்டினேன். ஒன்று அவருக்கு. ஒன்று அவர் சொன்னது நடக்காவிட்டால்.

சுதந்திரம் வந்ததென்று ஊரெல்லாம் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கு மறு வருஷம். உனக்கு ஆறு வயசு. உனக்கு நினைவிருக்கிறது என்று சொல்வாய். உனக்கு நினைவிருப்பது வேறு, நடந்தது வேறு. கீழச்செய்யில் விதைத்தாகிவிட்டது. புரட்டாசியில் ஒரு மழை பெய்தது. முளை வந்தது. உன் அய்யா வரப்பிலே நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றுப் போகும். அப்புறம் வெயில். ஒரு சொட்டு இல்லை. முளை மஞ்சளாகி, வெளுத்து, கையில் எடுத்தால் பொடியாகப் போனது. ரேஷனில் அரிசி கிடைத்த நாள் சோறு உண்டு, கிடைக்காத நாளில் இல்லை. பனம்பழத்தைச் சுட்டுக் கொடுத்தேன், முருங்கைக்கீரையை வேகவைத்துக் கொடுத்தேன். நீ சோறு சோறு என்று அழுதாய். உன் அய்யா மேலே தொங்கிய கோட்டையைப் பார்த்தார். "புள்ள இந்த அழுவ அழுவுதே. அத எறக்கிக் குத்து" என்றார். முடியாது என்றேன். "கல்லு நெஞ்சுக்காரி" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு நேர் கீழே பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

உன் அய்யா என்ன செய்தார் தெரியுமா. உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போய்விட்டார். பொழுது சாயும் நேரம் திரும்பி வந்தீர்கள். நீ சிரித்துக்கொண்டு வந்தாய். "ஆத்தா, அந்தா தெரியுற மேகத்துல நம்ம வீட்டு மழ இருக்காம். அய்யா காட்டுனாரு" என்றாய். அப்புறம் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீதான் சோறு தரமாட்டேங்குற. அய்யா தாரேன்னாரு" என்றாய். அந்தச் சொல்லை நீ மறந்திருப்பாய். எனக்கு அது இன்னும் கிடக்கிறது, தொண்டையில் சிக்கின மீன்முள் மாதிரி. வயிறு காய்ந்த பிள்ளையை மேகத்தைக் காட்டிச் சிரிக்க வைத்தவர் அவர். பிள்ளையை அழவிட்டு விதைநெல்லுக்குக் காவல் இருந்தவள் நான். எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் யாரைப் பிடிக்கும் என்று சொல்லும்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. கண்மாயில் தண்ணீர் ஏறியது. நானே கோட்டையை இறக்கினேன், நானே பிரியை அறுத்தேன். பெட்டியில் கொட்டிக் கொடுத்ததும் அவர்தான் விதைத்தார், பாட்டுப் பாடிக்கொண்டுதான். அந்த வருஷம் நம் தெருவில் நெல் அடித்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். களத்துமேட்டில் ஊரே கூடி, "யோசனக்காரன்யா இவன். வெதய ஒளிச்சு வச்சிருந்திருக்கான் பாரு" என்று உன் அய்யா முதுகில் தட்டினார்கள். அவர் மறுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். நான் பதர் புடைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன், "எம் பேரச் சொன்னா ஒங்க வாயில முத்தா உதிர்ந்திரும்" என்று. அதற்கு அவர் சொன்னதைக் கேள். "நீ வச்சிருப்பேன்னு எனக்குத் தெரியாதா. அந்தத் தைரியத்துலதான புள்ள நான் மேகத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்." கேட்டதும் எனக்குக் கண் கலங்கிப்போனது. மறு நிமிஷமே ஆத்திரம். அப்படியானால் என் பயத்தை எடுத்துத்தான் இவர் தைரியமாகச் செலவழித்திருக்கிறார். பயந்ததற்குக் கெட்ட பேர் எனக்கு, தைரியத்துக்கு நல்ல பேர் அவருக்கு. இதில் எங்கே நியாயம் இருக்கிறது, நீயே சொல்.

எப்போதும் நான் சொன்னதுதான் நடந்தது என்று சாதிக்க வரவில்லை. நீ பெரிய பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன வருஷம் ஒன்று உண்டு. அந்த ஆவணியில் அவர் மேலச்செய்க்கும் விதை கேட்டார். நான் கொடுக்கவில்லை. முதல் மழையே கொட்டித் தீர்த்துவிட்டது. உழுதுபோட்ட புழுதியெல்லாம் சகதியாகி, பருவம் தப்பிப்போய், மேலச்செய் முழுக்கக் கோரைப்புல் மண்டியது. சுற்றிலும் எல்லார் வயலும் பச்சை, நடுவில் நம்முடையது மட்டும் சொட்டைத் தலை மாதிரி. நீ தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவாய். ஒரு நாள் வந்து அய்யாவிடம் கேட்டாய், "ஏன் அய்யா நம்ம மேலச்செய்ல மட்டும் போடல" என்று. நான் அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உன் ஆத்தாளைக் கேள் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. "அந்த மண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்டா. அடுத்த வருசம் பாரு, வட்டியும் மொதலுமா வரும்" என்றார். இன்றைக்கு வரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு ஆறிப்போயிருக்கும். நல்லவராக இருந்து இருந்தே ஒரு மனுஷியை இப்படி எரியவிட அவரால்தான் முடியும்.

ஆனாலும் அன்றைக்கு எனக்கு ஒன்று தெரிந்தது. உன் அய்யா இல்லாமல் நான் மட்டும் இருந்திருந்தால் இரண்டு கோட்டையும் உத்தரத்திலேயே தொங்கியிருக்கும், ஒரு நாளும் மழைக்கு முன்னால் நான் விதைத்திருக்க மாட்டேன், எலி தின்று தீர்த்திருக்கும். நான் இல்லாமல் அவர் மட்டும் இருந்திருந்தால் இரண்டும் ஒரே புரட்டாசியில் கருகியிருக்கும். அதனால்தான் ஒன்றைப் போடு, ஒன்றை வை என்கிறேன். போடாதே என்று சொல்லவில்லை. இதை அவர் காதில் விழும்படி நான் சொல்லப்போவதில்லை. நீயும் சொல்லாதே.

இனி எழுதப்போவதைத் தனியாக உட்கார்ந்து படி. போன வாரம் டாக்டர் என்னை இந்த வராந்தாவுக்குக் கூப்பிட்டார். வயிற்றில் இருக்கிற கட்டியை அறுத்து எடுக்க முடியாதாம். இப்போது போடுகிற ஊசியெல்லாம் வலிக்குத்தானாம். "தை வரைக்கும் தாங்குவாருன்னு சொல்ல முடியாதும்மா" என்றார். நான் தலையை ஆட்டினேன். வேறு யாராவதாக இருந்தால் டாக்டர் காலைப் பிடித்து, இன்னொரு தடவை பாருங்கள் என்று அழுதிருப்பார்கள். நான் முளை கருகினதைக் கையில் எடுத்துப் பார்த்தவள். கருகினது கருகினதுதான் என்று எனக்குத் தெரியும். உள்ளே வந்தேன். உன் அய்யா, "என்ன சொல்றாரு டாக்டரு" என்றார். ஊசி பிடிக்குதாம் என்றேன். "நாந்தான் சொன்னேன்ல" என்று திரும்பிப் படுத்தார். அன்றைக்குச் சாயங்காலமே உன் கல்யாணத்தைத் தையில் வைப்பதாகவும், கரை போட்ட வேட்டி பரமக்குடியில் எடுக்க வேண்டும் என்றும் மரைக்காயரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மரைக்காயர் பிரியாணிக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தேன்.

வாழ்நாள் முழுக்க நான் அவரிடம் நடக்காததை நடக்கும் என்று சொன்னதில்லை. இப்போது சொல்லிப் பார்த்தேன். உன் முந்தின கடிதத்தில், மேகம் கூடிக் கலைஞ்சு போச்சு அய்யா என்று எழுதியிருந்தாய் அல்லவா. நான் அதை, மேகம் நல்லா எறங்கி வருது அய்யா என்று மாற்றிப் படித்தேன். வழக்கம்போல மரைக்காயர் கைக்குப் போனது. அவர் படித்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் படித்த மாதிரியே படித்தார். உன் அய்யா கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "அந்த ஒரு எடத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் தொண்ட கட்டிக்கிருச்சே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஏன், என்ன என்று நோண்டி நோண்டிக் கேட்கிற மனிதர் கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் திகிலாக இருக்கிறது. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

எனக்கு அந்த வேலை வராது தம்பி. நீ அவர் மகன், உனக்கு வரும். இனிமேல் இரண்டு கடிதம் எழுது. ஒன்று அவருக்கு. இரண்டு கோட்டையும் உடைத்தாகிவிட்டது, மேலச்செய் கீழச்செய் இரண்டிலும் விதை விழுந்துவிட்டது, கிழக்கே இடி கேட்கிறது என்று எழுது. பொய் சொல்லச் சொல்கிறாயா ஆத்தா என்றால், ஆமாம், சொல்லத்தான் சொல்கிறேன். அவர் எனக்கும் உனக்கும் எத்தனை வருஷம் மேகம் காட்டியிருக்கிறார். ஒரு தடவை நாம் அவருக்குக் காட்டினால் குறைந்து போய்விட மாட்டோம். மழை பெய்தாலும் பெய்யும். நான் பெய்யாது என்று சொல்லவில்லை. இந்த வயசில் நானும் ராத்திரி எழுந்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கிறேன், இந்த மதுரையில் பெய்தால் நம் ஊரில் பெய்த மாதிரியா. இருந்தாலும் நீட்டுகிறேன். யாரிடமும் சொல்லிவிடாதே.

இன்னொரு கடிதம் எனக்கு. அதில் நடந்ததை நடந்தபடி எழுது. மழை வந்ததா இல்லையா. முளை நிற்கிறதா கருகிவிட்டதா. குலுக்கையில் தின்பதற்கு எவ்வளவு நெல் கிடக்கிறது. நீ ராத்திரி சோறு வடிக்கிறாயா, இல்லை பட்டினியாகச் சுருண்டு படுக்கிறாயா. டாக்டர் சொன்னதைப் படித்துவிட்டு நீ என்ன செய்தாய். எதையும் எனக்காகச் சர்க்கரை போட்டு எழுதாதே. அதைத் தாங்கத்தான் நான் இருக்கிறேன். நல்ல சேதியெல்லாம் அவருக்குப் போகட்டும், அது பழகிப்போனது. உள்ளது உள்ளபடி என்னிடம்தான் வர வேண்டும். அதை வேறு யாரிடமாவது நீ போய்ச் சொன்னாய் என்று கேள்விப்பட்டால் அதற்கும் நான் பொறாமைப்படுவேன், சொல்லிவிட்டேன்.

கீழச்செய் விதைப்பு முடிந்ததும் ரயிலேறி ஒரு தடவை வந்து போ. வாசலில் குழாய் இருக்கிறது, முகம் கழுவிக்கொண்டு நேராக உள்ளே வந்துவிடாதே. முதலில் வராந்தாவுக்கு வா. அழுவதாக இருந்தால் இங்கே என்னிடம் அழுது முடி. அதற்கப்புறம் கழுவிக்கொண்டு சிரித்த முகமாக அவரிடம் போ. அதிலாவது முதல் பங்கு எனக்குக் கிடைக்கட்டும்.

இரண்டையும் ஒரே உறையில் போட்டுவிடாதே, மரைக்காயர் கையில் சிக்கிவிடும். என்னுடையதைத் தனி உறையில் போட்டு மேலே என் பேரை எழுது. இத்தனை வருஷத்தில் என் பேருக்கு ஒரு தபால் வந்ததில்லை. படிக்கத் தெரியாத மனிதர் பேருக்கு வரும், படிக்கத் தெரிந்தவள் வாங்கிப் படிப்பாள். ஆத்தா என்று எழுதினால் தபால்காரருக்குத் தெரியாது, இந்த வார்டில் உட்கார்ந்திருக்கிற எல்லாப் பொம்பளையும் யாருக்காவது ஆத்தாதான். என் பேர் உனக்குத் தெரியும்தானே. சந்தேகமாக இருந்தால் ரேஷன் கார்டை எடுத்துப் பார், அவர் பேருக்குக் கீழே இருக்கும். ஒன்றரைப் பக்கத்துக்குக் குறையக் கூடாது. மழை பொய்த்துவிட்டது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினாலும் சரி. கதவோரம் நின்று என் பேரைக் கூப்பிடட்டும், நான் எழுந்து போய் வாங்கிக்கொள்கிறேன்.

ஆத்தா